அண்ணன் மகள் கல்யாணத்தன்று ஒரு இந்திப் படம்

போன ஆவணி மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. காரமடைப் பக்கம் ஒரு மண்டபத்தில் என் அண்ணன் மகளுக்குக் கல்யாணம். நானோ காந்திபுரத்தில் ஒரு தியேட்டரில், காலைக் காட்சிக்குத் தன்னந்தனியாக உட்கார்ந்திருந்தேன். அதுவும் இந்திப் படம். எனக்கு இந்தியில் ஒரு வார்த்தைகூடத் தெரியாது.

தெரிந்தேதான் போனேன். துடியலூர் வீட்டில் இருந்தால் அண்ணன் கார் அனுப்பிவிடுவார். தமிழ்ப் படத்துக்குப் போனால் தெரிந்தவர்கள் யாராவது, "கல்யாணத்துக்குப் போகலீங்களா?" என்று கேட்டுத் தொலைப்பார்கள். இந்திப் படத்துக்கு எங்கள் சொந்தத்தில் எவர் வரப்போகிறார்கள்!

கணவர் இறந்தால் பிறந்த வீட்டுக் கோடிச் சேலையை அண்ணன்தான் கொண்டுவந்து போட வேண்டும். எங்கள் வழக்கம் அது. என் கணவர் இறந்தபோது என் அண்ணன் வரவில்லை. பங்காளி ஒருவரிடம் கொடுத்தனுப்பிவிட்டார். மகளும் பெங்களூருக்கு வேலைக்குப் போன பிறகு, அந்த வீட்டில் எனக்குத் துணையாக இருந்தது இந்தக் கோபம்தான். மகள் கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்க வந்த அண்ணனுக்குத் தண்ணீர் கொடுத்தேன், வாய் திறக்கவில்லை. பழிக்குப் பழி என்று நினைத்துக்கொண்டேன்.

தியேட்டரில் பெரும்பாலும் மில்லிலும் பட்டறையிலும் வேலை செய்யும் வடநாட்டுப் பிள்ளைகள். திரையில் ஒரே வெட்டும் குத்தும். அப்பாவைக் கொன்றவர்களை அண்ணன்காரன் தேடித் தேடிக் கொல்கிறான். தங்கைக்கோ அவனைக் கண்டாலே ஆகாது. நான் முழிப்பதைப் பார்த்துப் பக்கத்து சீட்டுப் பெண் சிரித்தாள். ஜார்க்கண்ட்காரி, நூல் மில்லில் வேலை. மில்லில் கற்ற தமிழில் கதை சொல்ல ஆரம்பித்துவிட்டாள். "அண்ணன் நல்லவருங்க. தங்கச்சிக்குத்தான் தெரியலீங்க."

இடைவேளையில் அவளுடைய பாப்கார்னில் பாதியை எனக்குக் கொடுத்தாள். "எங்க அண்ணன் கல்யாணத்துக்கு மில்லுல லீவு கெடைக்கலீங்க. போன்லதான் பார்த்தனுங்க" என்றவள், கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள். "உங்களுக்கு அண்ணன் இருக்குதுங்களா?"

"இல்ல கண்ணு" என்று சொல்லிவிட்டேன்.

"செத்துப் போச்சுங்களா?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அய்யோ, உயிரோடு இருக்கிற மனுஷனை, அதுவும் மகள் கல்யாண நாளில்! ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அதன்பிறகு அவள் கதை சொல்வதை நிறுத்திவிட்டாள். படம் முடியும்வரை கையை மட்டும் விடவில்லை. இல்லாத ஒரு சாவுக்கு யாரோ ஒரு பெண் எனக்குத் துணையிருந்தாள். முடிவில் படத்து அண்ணனுக்கு என்ன ஆனது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

வெளியே வந்ததும் தாங்க முடியவில்லை. "கண்ணு, எனக்கு அண்ணன் இருக்காரு. பேச்சுவார்த்தை இல்ல. இன்னைக்கு அவரு புள்ளைக்குக் கல்யாணம்" என்றேன்.

அவள் கோபப்படுவாள் என்று நினைத்தேன். "எங்கீங்க?" என்றாள்.

"காரமடை."

"பஸ்சு போகுதுங்களா?"

அவ்வளவுதான் கேட்டாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. கூடவே நடந்து வந்து, காரமடை வழியாகப் போகும் மேட்டுப்பாளையம் பஸ்ஸில் என்னை ஏற்றிவிட்டுத்தான் போனாள்.

மண்டபத்தில் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். கல்யாணப் பெண் மாப்பிள்ளை வீட்டுக்குக் கிளம்பிவிட்டிருந்தாள். அண்ணன் வாசலில் தனியாக உட்கார்ந்திருந்தார். என்னைக் கண்டதும் எழுந்து, "வா அம்மணி" என்றார். உள்ளே திரும்பி, "ஏனுங்க, ரெண்டு எல போடுங்க" என்றார். அவரும் சாப்பிடாமல்தான் இருந்திருக்கிறார்.

ஆறிப்போன ரசத்தை ஊற்றிக்கொண்டு சாப்பிட்டோம். கோடி போட ஏன் வரவில்லை என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. நான் தூக்கி வளர்த்த பெண்ணின் கழுத்தில் தாலி ஏறியதை நான் பார்க்கவில்லை. அந்தக் குறை குறைதான்.

துடியலூரில் இன்னமும் தனியாகத்தான் இருக்கிறேன். ஆனால் கூடப்பிறந்தவர் உண்டா என்று யாராவது கேட்டால், "அண்ணன் இருக்காருங்க, பஸ் ஏறுனாப் போயிரலாம்" என்கிறேன். சொல்லும்போதெல்லாம், அப்படி நினைத்தவுடன் பஸ் ஏறிப் போக முடியாத அந்த ஜார்க்கண்ட் பெண்ணின் கைச்சூட்டை என் கையில் உணர்கிறேன்.