குட்பைக்குள் ஒரு பிரார்த்தனை

என் மகள் நர்ஸ் வேலைக்கு லண்டன் கிளம்பினாள். எங்கள் குடும்பத்தில் கடல் தாண்டும் முதல் ஆள். தர்மபுரி பஸ் ஸ்டாண்டில், பெங்களூரு பஸ்ஸின் ஜன்னலோரம் உட்கார்ந்து "குட்பைம்மா" என்றாள். எனக்குச் சுருக்கென்றது.

"போயிட்டு வரேன்னு சொல்லு கண்ணு. இது வூட்ட வுட்டு ஒரேயடியாப் போற மாதிரி இருக்குது."

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "இல்லம்மா. 'காட் பி வித் யீ', அதாவது 'கடவுள் உன்கூட இருக்கட்டும்'னு இங்கிலீஷ்காரங்க அந்தக் காலத்துல வாழ்த்துனதுதான், பேசிப் பேசித் தேஞ்சு குட்பைன்னு ஆயிடுச்சு."

எனக்கு மெய்சிலிர்த்தது. தினமும் காதில் விழும் அந்தச் சின்னச் சொல்லுக்குள் இவ்வளவு பெரிய பிரார்த்தனையா? அர்த்தம் தெரியாமலே எத்தனை பேர் என்னை வாழ்த்தியிருக்கிறார்கள்.

பஸ் நகர்ந்தது. கூடவே நடந்து, வாழ்க்கையில் முதல்முறையாக, "குட்பை சாமி" என்றேன். தனியாகப் போகிற பிள்ளைக்கு அதைவிடப் பெரிய துணையை என்னால் அனுப்பியிருக்க முடியாது.