பச்சைப் பெட்டி

வணிகப் பகுப்பாய்வாளராகச் சேர்ந்து நான் கீறிய முதல் திட்ட வரைபடம் அது. மீனவர்கள் மீன் விற்க ஒரு செயலி. முதல் பெட்டியில், கிண்ணியாவுக்கும் மூதூருக்கும் போய் அவர்களிடமே தேவைகளைக் கேட்க இரண்டு மாதம் வைத்திருந்தேன்.

முகாமையாளர் ரோல்ஸ் தின்றபடி அந்தப் பெட்டியில் எண்ணெய் விரலை ஊன்றினார். பிறகு வாசலில் நின்ற தன் சாரதியைக் கூப்பிட்டார்.

"உன்ர மச்சான் கடலுக்குப் போறவன்தானே? இது வந்தா நல்லந்தானே?"

"ஓம் சேர்."

"கேட்டாச்சு. முடிஞ்சதெண்டு பச்சை போடுங்கோ, தங்கச்சி."

எண்ணெய்க் கறையின் மேலேயே பச்சையைத் தீட்டிவிட்டு எழுந்தேன்.

படியிறங்கும்போது சாரதி மெதுவாகக் கேட்டார்: "தங்கச்சி, சேர் என்ன வந்தா நல்லமெண்டு கேட்டவர்?"