தேவாரத்து போரில் கொப்பளித்த சேறு

தேவாரத்துக்கு மேற்கே, பழைய கண்மாயை ஒட்டிய தோட்டத்தில் தண்ணீருக்கு ஆழ்துளை போர் போட்டுக்கொண்டிருந்தோம். ரிக் வண்டியில் எனக்கு ராடு மாட்டுகிற வேலை. ராடு நுனியில் துளை போடும் பிட்டு தேய்ந்துவிட்டதால் ராடுகளை உருவி எடுத்து, கம்ப்ரசரை நிறுத்திவிட்டு, புதுசு வாங்க டிரில்லர் அண்ணன் போடிக்குப் போயிருந்தார்.

கம்ப்ரசர் காற்றை நிறுத்தினால் குழி அடங்கிவிடும். அன்று அடங்கவில்லை. சாம்பல் நிறச் சேறு பொங்கி வந்து, கொப்புளம் கொப்புளமாக வெடித்தது. ஊர் கூடிவிட்டது.

“எரிமலைடா மாப்ளே! அந்தமான்ல இப்படித்தான் பொங்குது, போன்ல பாத்தேன்.”

“அப்ப நீ கிட்டப் போயி செல்ஃபி எடு. வெந்தா நாங்க தூக்கிட்டு வர்றோம்.”

ஒருவர் விரலை விட்டுப் பார்த்தார். சேறு சில்லென்று இருந்தது.

தோட்டத்துக்குச் சொந்தக்காரரான பேச்சியாத்தாவுக்கு அது கங்கை. போரில் ஈரம் கண்டதும் குழிவாயிலேயே சூடம் கொளுத்திக் கும்பிடுவது எங்கள் பக்கத்து வழக்கம். தட்டில் சூடத்தையும் தீப்பெட்டியையும் வைத்துக் கொண்டுவந்துவிட்டார்.

குரங்கணிக்கு மேலே ஏலத்தோட்டத்தில் நான் வேலை பார்த்தபோது சாண எரிவாயுத் தொட்டி என் பொறுப்பில் இருந்தது. அதில் கிளம்பும் கொப்புளமும் இப்படித்தான் இருக்கும். நெருப்புப் பட்டால் குப்பென்று பிடிக்கும். ஆனால் நாலு பேர் முன்னால் எனக்குப் பேச்சு வராது. ஆத்தா குழியோரம் குனிந்தார். நான் தட்டைப் பிடுங்கிக்கொண்டு ஓடினேன்.

“ஏ அப்பு! சாமி தட்ட எங்கடா தூக்கிட்டுப் போற? கிறுக்குப் பிடிச்சிருச்சா?”

ஆத்தா துரத்தினார். அவர் பின்னால் ஊரே சிரித்துக்கொண்டு வந்தது. வரப்பெல்லாம் தாண்டி, பம்ப்செட் ரூமுக்கு அப்பால்தான் நின்றேன்.

“கேஸு ஆத்தா. தீப்பிடிக்கும்.” அவ்வளவுதான் வாயில் வந்தது.

“இத அங்கனயே சொல்றதுக்கென்ன? இந்த வயசுல என்னைய ஓட விட்டுட்டியே!”

திட்டிக்கொண்டே முந்தானையால் என் முகத்துச் சேற்றைத் துடைத்துவிட்டார்.

மறுநாள் நிலத்தடி நீர் ஆய்வுசெய்யும் மேடம் ஒருவர் வந்து, குழிவாயில் மீட்டரைக் காட்டினார். அது கீச்சென்று கத்தியது. “மீத்தேன்தாண்ணே” என்றார். கண்மாய்க் களிமண்ணுக்கு அடியில் மக்கிய தழை வாயுவாகி, வெளியேற வழியில்லாமல் அடைபட்டுக் கிடந்திருக்கிறது. நாங்கள் துளை போட்டதும், தண்ணீரையும் களியையும் தள்ளிக்கொண்டு மேலே வந்துவிட்டது. அந்தமானில் இருப்பது சேற்று எரிமலை. அங்கே வாயு வெகு ஆழத்திலிருந்து தள்ளுகிறது. அங்கும் பெரும்பாலும் மீத்தேன்தான். பெயரில் எரி இருந்தாலும் சேறு சுடாதாம். “இது அதுக்குத் தங்கச்சி மாதிரி” என்று சிரித்தார். வாயு அடங்கும்வரை குழியைச் சுற்றி வேலி போட்டோம். புது போரை மலைப்பக்கம் பாறையில் போட்டோம்.

வண்டிக்குப் புதிதாக வரும் தம்பிகளுக்கு ஒன்று சொல்வேன். காற்றை நிறுத்திய பிறகும் குழி கொப்பளித்தால், இஞ்சினை நிறுத்துங்கள், ஆட்களை விலக்குங்கள், வாய்விட்டுக் கத்துங்கள். வெட்கப்படுவதை அப்புறம் வைத்துக்கொள்ளலாம். அன்று கூட்டம் வேடிக்கை பார்க்க என் பின்னால் ஓடிவந்ததால் தப்பித்தது. ஒரே ஒருவர் பின்தங்கி, குழியோரம் பீடியைப் பற்றவைத்திருந்தால், நான் தட்டைத் தூக்கிக்கொண்டு எவ்வளவு தூரம் ஓடியிருந்தாலும் பிரயோசனம் இருந்திருக்காது.