ரோபோவுக்கு வைத்த பொட்டு

ஒரகடத்தில் எங்கள் தொழிற்சாலையின் புது லைனுக்கு நான்தான் பொறுப்பு. மழையில் சாலை மூழ்கி, ரோபோ ஏற்றிவந்த டிரெய்லர் வழியிலேயே நின்றுவிட்டது. மெஷின் தாமதமானால் வாடிக்கையாளர்களும் தாமதமாக வருவார்களா என்ன? சோதனை ஓட்டம் பார்க்க ஆயுத பூஜைக்கு மறுநாள் காலையே வருகிறோம் என்றார்கள். தலையைப் பிய்த்துக்கொள்ளாத குறைதான். எப்படியோ பூஜைக்கு முன்பே மாட்டி, ஓட்டியும் பார்த்துவிட்டோம்.

பூஜையன்று எல்லா மெஷினுக்கும் சந்தனம், குங்குமம், வாழைக்கன்று. எங்கள் பிளான்ட் மேனேஜர் தட்டைத் தானே வாங்கி ரோபோவுக்குப் பொட்டு வைத்தார். நாங்கள் கைதட்டினோம்.

மறுநாள் காலை ரோபோ அசையவில்லை. குறுக்கே ஆள் நிற்பதாகத் திரையில் சிவப்பு எழுத்து. அங்கே ஆளே இல்லை. ஒயரிங் செய்தவர் வல்லக்கோட்டையிலிருந்து வரும் எலெக்ட்ரீஷியன். காண்ட்ராக்டில் இருந்தார், இந்த லைன் ஓடினால் வேலை நிரந்தரம் என்று சொல்லியிருந்தோம். பாவம், எல்லா ஒயரையும் கழற்றி மாட்டினார். ம்ஹூம்.

வாடிக்கையாளர்களின் கார் பக்கத்திலிருக்கும் படப்பையைத் தாண்டிவிட்டது என்று போன் வந்ததும் மேனேஜருக்குத் தலைகால் புரியவில்லை.

"இன்னாய்யா வேலை செஞ்ச நீ? கார்டைக் குடுத்துட்டுக் கெளம்பு!" என்று எலெக்ட்ரீஷியனிடம் கத்தினார்.

"நல்லாதான் சார் ஓடிக்கினு இருந்துச்சு."

"கெளம்புன்றேன்ல!"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "இவரையும் அனுப்பிட்டா யார் சார் பார்ப்பாங்க, நீங்களா?" என்று கேட்டேவிட்டேன். அதற்குள் மனிதர் கழுத்திலிருந்த அடையாள அட்டையை மேஜையில் வைத்துவிட்டு, சாப்பாட்டுப் பையோடு மழையில் இறங்கிவிட்டார்.

நான் மெஷினைச் சுற்றிச் சுற்றி வந்தேன். எங்கு பார்த்தாலும் பொட்டு. அதில் ஒன்று, யாராவது குறுக்கே வந்தால் ரோபோவை நிறுத்துகிற சென்சாரின் கண்ணாடி மேலேயே இருந்தது. அடக் கடவுளே! துப்பட்டாவால் அழுத்தித் துடைத்தேன். சிவப்பு எழுத்து மறைந்தது. பொத்தானைத் தட்டியதும் ரோபோ கையைத் தூக்கியது.

"எவன்யா அங்க போய் பொட்டு வச்சது?" என்று மேனேஜர் கத்தினார்.

"நீங்கதான் சார். நாங்க கைகூட தட்டினோமே" என்றேன்.

கேட்டுக்கு வெளியே ஷேர் ஆட்டோவுக்கு நின்றிருந்தவரை செக்யூரிட்டி கூட்டிவந்தார். சொட்டச் சொட்ட நின்றவரிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் மெஷினைப் பார்த்தார், மேஜையில் கிடந்த தன் கார்டைப் பார்த்தார். பக்கத்தில் வேறெதையோ தேடினார்.

"பொட்டு வச்சவங்க கார்டைக் காணோமே சார்," என்றார்.

மேனேஜர் கார்டை எடுத்து அவரிடம் நீட்டினார். வாடிக்கையாளர்களின் கார் உள்ளே வந்துகொண்டிருந்தது. எலெக்ட்ரீஷியன் அதைக் கழுத்தில் மாட்டிக்கொள்ளும் வரை, நீட்டிய கையோடு மேனேஜர் அப்படியே நின்றார்.