இரண்டாவது போன்சோ

பம்பாயில் ஓர் ஆண்பிள்ளை கம்பளி நூலை மடியில் போட்டுக்கொண்டு பின்னிக்கொண்டிருந்தால் ஒன்று அவனுக்குப் பைத்தியம், இல்லாவிட்டால் அவன் டி.பி. ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவன். நான் இரண்டாவது ரகம். அறுபதுகளின் கடைசியில் ஏறக்குறைய ஒரு வருஷம் அங்கே கிடந்தேன். மருந்து, ஊசி போக மீதி நேரமெல்லாம் சும்மா படுத்திருப்பதுதான் வைத்தியம். சும்மா படுத்திருக்கும் ஆட்கள் ஒருவரையொருவர் கடித்துக் குதறிக்கொள்ளக் கூடாதே என்று வார்டு நர்ஸ் எங்களுக்குப் பின்னக் கற்றுக்கொடுத்தாள். நூல் எல்லாம் யாரோ தானமாகக் கொடுத்த மிச்சம் மீதி. ஒரு கண்டின் நிறம் இன்னொன்றில் இருக்காது.

ஸ்வெட்டர் எனக்குக் கைவரவில்லை. கழுத்துக்கும் கைக்கும் கண்ணிகளைக் குறைத்துக்கொண்டே வரவேண்டும். அங்கே எல்லாம் நழுவிவிடும். என் தவிப்பைப் பார்த்து நர்ஸ் ஒரு பழைய வெளிநாட்டுப் பத்திரிகையில் போன்சோ படத்தைக் காட்டினாள். அதற்குக் கையே கிடையாது. நீளமாக இரண்டு பட்டை பின்னி, ஒன்றின் நுனியை மற்றதன் பக்கவாட்டில் வைத்துத் தைத்தால் நடுவில் தலை நுழைய வழி வந்துவிடும். தோளிலிருந்து கூடாரம் மாதிரி தொங்கும். எனக்கென்றே யாரோ கண்டுபிடித்த உடுப்பு.

செம்பூரில் இருந்த அக்காவின் பெண்ணுக்காகப் பின்னினேன். அப்போது அவளுக்கு ஐந்து வயது. சிவப்பு, மஞ்சள், பச்சை, வெள்ளை என்று கையில் கிடைத்த நிறமெல்லாம் வரிவரியாக அதில் ஏறின. பம்பாய் வெயிலில் அதை எப்போது போட்டுக்கொள்வாள் என்று நான் யோசிக்கவே இல்லை. அவள் அதைப் போட்டுக்கொண்டு என்னிடம் ஓடிவருவது மட்டும் கண்ணுக்குள் நன்றாகத் தெரிந்தது.

ஒருநாள் டாக்டர், சளியில் கிருமி இல்லை, இனிமேல் தாராளமாக எல்லோரோடும் பழகலாம் என்று சொல்லி அனுப்பிவைத்தார். அதை அவர் என்னிடம் சொன்னார். மற்றவர்களிடம் யார் சொல்வது? மாட்டுங்காவில் என்னோடு அறையில் இருந்த மூன்று குமாஸ்தாக்களும், "வாடா, வாடா" என்றுதான் வரவேற்றார்கள். அன்று சாயங்காலமே என் டம்ளர் தனியாக ஜன்னல் மேடைக்குப் போயிற்று. மெஸ்காரர், "நீங்க காத்தாட உக்காருங்கோ" என்று வாசலோரத்துக் கோடி மேசையைக் காட்டினார். காற்று நன்றாகத்தான் வந்தது. எதிரே ஓர் ஆள்கூட வந்து உட்காரவில்லை.

அக்கா வீடு இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். அந்த ஊரில் எனக்கு வேறு யார்? ஆஸ்பத்திரிக்கு வாராவாரம் பஸ் மாறி ரசஞ்சாதம் கொண்டுவந்தவள் அவள் ஒருத்திதான். முதல் ஞாயிற்றுக்கிழமையே போன்சோவை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

"நீயா பின்னினே? என்ன அழகுடா!" என்று அக்கா வாங்கிக்கொண்டாள். குழந்தை கையை நீட்டிக்கொண்டு ஓடிவந்தாள். "இப்போ வேண்டாம்டி, வேர்க்கும். அப்புறம் போட்டுக்கலாம்" என்று அக்கா அதை மடித்து உள்ளே கொண்டுபோய்விட்டாள். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. வேர்க்கத்தான் செய்யும் என்று நானும் சொன்னேன்.

அடுத்த ஞாயிறு போனபோது பால்கனிக் கொடியில் கைக்குட்டை அகலத்துக்கு ஏதோ தொங்கியது. வெள்ளை வரிகளெல்லாம் ரோஸ் நிறம். தொட்டுப் பார்த்தேன். கம்பளி அட்டையாக இறுகியிருந்தது.

"மாமா, அம்மா அதைப் பெரிய பாத்திரத்துல போட்டு, சோடா போட்டு, கொதிக்கக் கொதிக்கக் கிண்டினா. அது சின்னதாயிடுத்து. இனிமே என் பொம்மைக்காம்" என்றாள் குழந்தை.

அக்கா சமையலறை வாசலில் நின்றாள். "கம்பளி குத்துமேன்னுதான்டா, வெந்நீர்ல ஒரு அலசு அலசினேன். இப்படிச் சுருங்கும்னு தெரியலைடா." அவள் கண் கலங்கியிருந்தது. கம்பளி குத்தும் என்பதற்காக யாரும் அதைச் சலவைச் சோடாவில் வேகவைப்பதில்லை. அது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

"போனாப் போறது. வேற ஒண்ணு பின்னித் தரேன்" என்றேன். சொல்லிவிட்டுப் பொம்மையோடு விளையாடுவது போல, சுருங்கிப்போனதைச் சாண் போட்டு அளந்துகொண்டேன். எவ்வளவு பின்னினேன் என்பது என் விரல்களுக்குத் தெரியும். எவ்வளவு மிச்சம் என்பதும் இப்போது தெரிந்துவிட்டது. திரும்பும்போது குர்லாவில் வண்டி மாற நின்ற இடத்தில் அழுகை வந்துவிட்டது. அக்கா மேல் கோபப்படவும் முடியவில்லை. அவள் பெற்றவள். கோபப்பட முடிந்திருந்தால் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும்.

புது நூல் வாங்கிப் பின்ன உட்கார்ந்தேன். இந்த முறை வெள்ளை சேர்க்கவில்லை. அது பாட்டுக்கு வளர்ந்து கட்டிலைத் தாண்டித் தரையில் இறங்கியது. அறையில் ஒருவன், "யாருக்குடா இது? யானைக்கா?" என்றான். "ஆமா, செம்பூர்ல ஒரு யானை இருக்கு" என்றேன். மூவரும் சிரித்தார்கள். நான் ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபின் அந்த அறையில் எல்லோரும் சேர்ந்து சிரித்தது அன்றைக்குத்தான். ஆனால் எழுந்து வந்து அதைத் தொட்டுப் பார்க்க ஒருவனுக்கும் கை வரவில்லை.

கொதிக்க வைத்தால் குழந்தைக்குச் சரியாக இருக்கும். வைக்காவிட்டால் தொளதொளவென்று காலில் இடறும். அப்படித்தான் அளவு வைத்திருந்தேன். அது காலில் இடற வேண்டும் என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது. தன் பெண் அந்தக் கூடாரத்துக்குள் காணாமல் போய் நிற்பதைப் பார்த்து அக்கா விழுந்து விழுந்து சிரிக்க வேண்டும். எனக்கு அது போதும்.

பின்னி முடித்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அக்கா அதைப் பிரித்துக்கொண்டே போனாள், முடியவில்லை. "என்னடா இது, இவ்வளவு பெரிசா?"

"வளர்ற கொழந்தைதானே" என்றேன். அக்கா என்னை ஒரு நிமிஷம் பார்த்தாள். பிறகு அதை மடித்தாள்.

அந்த ஒரு வாரம் ஆபீசில் எனக்கு வேலையே ஓடவில்லை. ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டு மணியை அடித்தபோது குழந்தைதான் கதவைத் திறந்தாள். போன்சோவைப் போட்டுக்கொண்டு நின்றாள். மஞ்சள் வரிகளில் லேசாகச் சிவப்பு ஏறியிருந்தது.

"மாமா, பாரேன், எனக்குக் கரெக்டா இருக்கு!" என்று கையை விரித்துச் சுற்றினாள். தோளில் பதிந்து, இடுப்போடு நின்றது. தையற்காரன் அளவெடுத்துத் தைத்தது போல இருந்தது.

"ரொம்ப நன்னா இருக்குடி" என்றேன். என் கணக்கு துளிகூடப் பிசகவில்லை.