பூதத்துக்குள் இருந்தவர்

என் கணவர் எனக்கு அத்தை மகன். கல்யாணத்துக்குப் பிறகும் பாவா என்றுதான் கூப்பிடுகிறேன். திருத்தணி ஸ்டேஷனிலிருந்து மலைக்கோயிலுக்கு ஆட்டோ ஓட்டுகிறவர். சென்னையிலிருந்து ஒரு சின்னப் படக்குழு வந்து கே.ஜி.கண்டிகைக்கு அப்பால் முள்காட்டில் படம் எடுத்தபோது, சாமான் ஏற்றிப்போக அவரைப் பேசிக்கொண்டார்கள். பேய்ப்படம்தான், ஆனால் சிரிப்புப் படம். பாதம் பின்பக்கம் திரும்பிய பூதமொன்று காட்டில் வழிதவறியவர்களைப் பிடித்துக்கொள்ளும் என்று பிள்ளைகளை மிரட்டுவார்களே, அதுதான் கதை.

பூத வேஷம் போட வந்தவன் காய்ச்சலென்று ஊருக்குப் போய்விட்டான். பாவா நல்ல உயரம். டைரக்டர் அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "நீங்களே பண்ணிடுங்க" என்றாராம்.

மறுநாள் சோறு எடுத்துக்கொண்டு நானும் போனேன். கத்திரி வெயில். கோணித்துணியில் சடை முடி ஒட்டி, உள்ளே ஸ்பாஞ்சு வைத்துத் தைத்த உடுப்பு. தலை தனி. விளிம்பு தெரியக்கூடாதென்று அதைக் கழுத்தோடு பசை போட்டு ஒட்டினார்கள். கைகளில் நீள நகம் வைத்த உறை.

"மூச்சு வருதா பாவா?"

"ஆங், வருது. நீ போய் நெழல்ல குந்து."

காட்சிப்படி, காமெடி நடிகரின் போன் அடிக்கும். அந்தச் சத்தத்துக்குப் பூதம் பயந்து ஓடவேண்டும். இரண்டு முறை ஓடினார். மூன்றாவது முறை ஓடவில்லை. நின்ற இடத்திலேயே ஆடினார். பிறகு இரண்டு கையையும் கழுத்துக்குக் கொண்டுபோனார். எல்லோரும் சிரித்தார்கள்.

"கட் பண்ணாதே, கேமரா ஓடட்டும்! செமையா பண்றாரு" என்றார் டைரக்டர்.

நானும்தான் சிரித்தேன். அப்புறம்தான் அந்த நகங்கள் தொண்டையைச் சுற்றிச் சுற்றிப் பிறாண்டுவதைக் கவனித்தேன். எழுந்து ஓடினேன்.

"யாரும்மா அது? கேமரா முன்னாடி வராதே!"

"நடிப்பு இல்லீங்க! அவருக்கு மூச்சு முட்டுது!"

நான் போய்ச் சேர்வதற்குள் விழுந்துவிட்டார். பசை விடவில்லை. உடை பார்க்கும் பெண் கத்தரிக்கோல் கொண்டுவந்தாள். தோல் எது, துணி எது என்று தெரியாமல் வெட்டினேன். பூதத்தின் தலை கழன்றது. கண் மேலே செருகியிருந்தது. வாயோரம் நுரை. முகத்தில் ஒரு சொட்டு வியர்வை இல்லை. தொட்டால் அடுப்புக்கல் மாதிரி சுட்டது.

வேன் சாப்பாடு வாங்கத் திருத்தணிக்குப் போயிருந்தது. ஆட்டோ இருந்தது, ஓட்டுகிறவர் கீழே கிடந்தார்.

"சாவி எங்கம்மா? சினிமாக்கு வர்றதுக்கு முன்னாடி நானும் ஆட்டோதான்" என்றார் காமெடி நடிகர்.

சாவி பாவாவின் பேன்ட் பையில், அந்த உடுப்புக்குள்ளே. இடுப்புப் பக்கம் கிழித்து எடுத்தோம். மிச்சத்தைக் கழற்ற நேரமில்லை. பூதத்தின் உடம்போடு என் மடியில் தலை வைத்துக் கிடந்தார். முடி மண்டிய கால்கள் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. பாட்டில் தண்ணீரை அவர் முகத்தில் ஊற்றிக்கொண்டே வந்தேன்.

கண்டிகை டீக்கடை முன்னால் ஒரு பஸ் குறுக்கே நின்றது. அந்தக் கால்களைப் பார்த்ததும் கூட்டம் கூடிவிட்டது. போனைத் தூக்கினார்கள்.

"உயிருங்க! வழி வுடுங்க!" என்று நடிகர் கத்தினார். கன்னத்தில் சிவப்புப் பொட்டும் ஒட்டுமீசையுமாக அவர் கத்தக் கத்த, ஜனங்கள் இன்னும் சிரித்தார்கள்.

"சூப்பர்ணா! இன்னா படம்ணா?"

நான் அலறினேன். அதற்கும் கைதட்டினார்கள். பாவாவின் உடம்பு என் மடியில் வெட்டி வெட்டி இழுத்தது. இந்தச் சிரிப்புக்கு நடுவிலேயே இவர் போய்விடுவார் என்று நினைத்தேன். அப்படியொரு பயத்தை அதற்கு முன்பும் பின்பும் நான் பட்டதில்லை. பஸ் டிரைவர்தான் மேலிருந்து எட்டிப் பார்த்தார். அவர் முகம் மாறியது. கண்டக்டரை இறக்கிக் கூட்டத்தை விலக்கச் சொல்லி, பஸ்ஸைப் பின்னால் எடுத்தார்.

ஆஸ்பத்திரியில் வெப்பம் தாக்கியிருக்கிறது என்று சொல்லி, உடுப்பை வெட்டி எறிந்து, ஐஸ் வைத்து, குளுக்கோஸ் ஏற்றினார்கள். பொழுது சாயும்போது கண் திறந்தார்.

"ஆட்டோவ யாரு ஓட்டிகினு வந்தது?"

சொன்னேன். "கிளட்ச் போயிருக்கும்" என்றார். எனக்கு அப்போதுதான் அழுகை வந்தது.

டைரக்டர் வந்து தலை குனிந்து உட்கார்ந்திருந்தார். மிச்சக் காட்சிகளை வேறு ஆளை வைத்து எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். எடுத்ததைப் படத்தில் வைத்துக்கொள்ளலாமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். "இருந்துட்டுப் போவுது" என்றார் பாவா.

படம் அரக்கோணத்தில் வந்தது. பாவா கூப்பிட்டார், போனேன். பூதம் தொண்டையைப் பிறாண்டுகிற அந்த இடம் வந்ததும் தியேட்டரே குலுங்கிச் சிரித்தது. பாவாவும் சிரித்தார். நான் எழுந்து வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டேன். கொஞ்ச நேரத்தில் அவரும் வந்தார்.

"இன்னாச்சி?"

"உள்ள வெக்கையா இருக்குது."

ஏசி தியேட்டர். அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். அந்தப் பூதம் கடைசியில் என்ன ஆனது என்று எங்கள் இருவருக்கும் இன்றுவரை தெரியாது.