நான் படிக்காமல் ஏற்றிய அறிவிப்பு

“வூட்ல ஒருத்தரும் பள்ளிக்கூடம் போனதில்லங்கற. இவ்ளோ பேப்பரையும் பாத்து ஏத்த உன்னால முடியுமாம்மா?”

அரியலூரில் வேலைக்குச் சேர்ந்த அன்று முதலாளி கேட்டது இது. மற்றவர்களுக்கு இணையதளம் நடத்திக் கொடுக்கும் அலுவலகம் எங்களுடையது. பள்ளிகள், சங்கங்கள், உழவர்கள் சேர்ந்து நடத்தும் கம்பெனிகள் என்று பல வாடிக்கையாளர்கள். அவர்கள் அனுப்பும் சுற்றறிக்கை, தீர்மானம், அறிவிப்பு எதுவானாலும் அவரவர் தளத்தில் வெளியிடுவதும் அந்தப் பக்கங்களைப் பராமரிப்பதும் என் வேலை. முடியும் என்று வேலையில்தான் காட்டினேன். சில மாதங்களிலேயே அந்த அலுவலகத்தில் என்னைவிட வேகமாக ஏற்றுகிறவர் யாரும் இல்லை என்றானது. எனக்கு அதில் கர்வம்தான். மறைக்க என்ன இருக்கிறது.

ஆனால் அந்த வேகம் எப்படி வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். வாடிக்கையாளர்கள் அறிவிப்பைக் கணினியில்தான் அடிப்பார்கள். பிறகு காகிதத்தில் எடுத்து, கையெழுத்துப் போட்டு, ஊதா மையில் சீல் குத்தி, மேசைமேல் வைத்து, ஃபேன் காற்றில் பறக்காமல் ஒரு கட்டை விரலால் அமுக்கிக்கொண்டு போனில் படம் பிடித்து எங்களுக்கு அனுப்புவார்கள். எழுத்தாக இருந்தது கோணல் படமாகி, பெருவிரல் நகத்தோடு வந்து சேரும். நான் அதை இறக்கி, மேலே ‘அறிவிப்பு’ என்று போட்டு ஏற்றிவிட்டு அடுத்ததற்குப் போவேன். உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்ததில்லை. பார்த்திருந்தால் வேகம் ஏது?

எங்கள் ஊர் பூலாம்பாடிக்குப் பக்கம். அம்மா அங்கே சின்ன வெங்காயம் போடுகிறாள். எங்கள் வாடிக்கையாளரான ஓர் உழவர் கம்பெனியில் அவளும் உறுப்பினர். அவளுக்கு எழுத்துத் தெரியாது, போன் தெரியும். திரையில் இருப்பதைப் படித்துக் காட்டும் பொத்தானை அமுக்கிவிட்டுக் களை எடுத்துக்கொண்டே கேட்பாள். சந்தை விலை, மழைச் செய்தி எல்லாம் அவளுக்கு அப்படித்தான் வரும்.

போன விதைப்புப் பட்டத்தில் ஒருநாள் போன் செய்தாள்.

“வெத வெங்காயத்துக்குப் பேரு குடுக்குற தேதி முடிஞ்சிருச்சாம் பாப்பா.”

“யாரும் சொல்லலியா?”

“கம்பெனி ஆபீஸ்ல போயி கேட்டேன். சைட்ல போட்டாச்சு, நீதான் பாக்கலன்னுட்டாங்க. நானும் தெனம் அமுக்கித்தான் பாத்தேன். அறிவிப்புன்னு சொல்லுது, அப்பறம் என்னமோ நம்பரா சொல்லிட்டு நின்னுபோவுது. போனுதான் கெட்டுபோச்சோ என்னமோ.”

போன் கெடவில்லை. படத்துக்குள் இருக்கும் எழுத்து அதற்குத் தெரியாது. படத்தின் பெயரில் இருந்த எண்களைத்தான் அது அவளுக்குப் படித்துக் காட்டியிருக்கிறது.

கம்பெனியின் தளத்தைத் திறந்தேன். விதை வெங்காயம் வேண்டுவோர் சிட்டா நகலுடன் வந்து பெயர் பதிய வேண்டும் என்று சாய்ந்த எழுத்தில் இருந்தது. கடைசித் தேதியின் மேல் சீல் விழுந்திருந்தது. ஏற்றியவர் என்ற இடத்தில் என் பெயர். எங்கள் வீட்டில் முதன்முதலாகப் படித்தவள், என் அம்மாவுக்கு வந்த காகிதத்தைப் படிக்காமலே தொங்கவிட்டிருக்கிறேன். என் மேல் வந்த ஆத்திரத்தில் மத்தியானச் சோற்றைத் தொடவில்லை.

கம்பெனி மேலாளரைக் கூப்பிட்டேன்.

“சார், அறிவிப்பை டைப் பண்ண ஃபைலாவே அனுப்புங்க. படமா வேணாம்.”

“சீல் இல்லாம போட்டா எவன்மா நம்புவான்?”

“எங்கம்மா உங்க கம்பெனில மெம்பருங்க சார். அவங்களுக்கு அந்த சீல் ஒரு ஊதா வட்டம், அவ்ளோதான். எழுத்தா இருந்தா போன் படிச்சுக் காட்டியிருக்கும்.”

அவர் சிரித்தார். “உங்கம்மாவா? மொதல்லயே சொல்றதுக்கென்ன? அடுத்த தடவ நானே பேரு எழுதிக்கறேன், விடும்மா.”

தப்பு என்று ஒரு வார்த்தை இல்லை. எனக்குச் சலுகை தருகிறாராம். தளம் வருவதற்கு முன்னால் அந்த அலுவலகத்திலிருந்து ஓர் ஆள் ஊர் ஊராகப் போய் வாயால் சொல்லிவிட்டு வருவார். தளம் வந்ததும் அவரை நிறுத்திவிட்டார்கள். யார் கேட்டாலும் ‘சைட்ல போட்டாச்சு’. சொல்லாமல் இருப்பதற்கு ஒரு காரணத்தை நான்தான் வேகவேகமாகச் செய்து கொடுத்துக்கொண்டிருந்தேன்.

“எங்கம்மா பேர மட்டும் எழுத வேணாங்க சார், எல்லாருக்கும் சேதி போகணும்” என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தேன்.

முதலாளியிடம் போய், இனி படத்தில் இருப்பதை எழுத்தாகவும் அடித்து ஏற்றலாம் என்றேன்.

“ரெண்டு நிமிஷத்துல ஏத்துறத இருவது நிமிஷம் ஆக்கணும்ங்கறியா?”

“ஆமாங்க சார்.”

“கிளையன்ட்டே கேக்கல. உனக்கு என்னம்மா வந்துச்சு? ஏத்தறதுதான் நம்ம வேல, அவன் படிச்சானா இவன் படிச்சானான்னு பாக்குறதில்ல.”

“யாரும் படிக்க முடியாதத எதுக்கு சார் ஏத்தறோம்?”

அவர் கணினிப் பக்கம் திரும்பிக்கொண்டார். அம்மாவிடம் சொன்னேன். “அவங்ககிட்டல்லாம் சண்ட போடாத புள்ள, வேல போயிரும்” என்றாள். விதை இல்லாததால் அந்தப் பட்டம் அவள் அரை ஏக்கரில் மக்காச்சோளம் ஊன்றினாள். சுற்றிலும், படத்தைக் கண்ணால் படிக்கத் தெரிந்தவர்கள் வயலில் வெங்காயம்.

நேற்று அதே கம்பெனியிலிருந்து இன்னொரு படம் வந்தது. சொட்டுநீர்க் குழாய்க்கு விண்ணப்பிக்கும் அறிவிப்பு. நகம், சீல் எல்லாம் இருந்தது. உட்கார்ந்து முழுவதையும் படித்தேன். ஒவ்வொரு வரியாக அடித்து, தேதியைத் தனியாக மேலே போட்டு, படத்தை அடியில் வைத்து வெளியிட்டேன். அம்மாவுக்கு இணைப்பை அனுப்பினேன். “கேட்டுச்சு, இருவதாந் தேதிக்குள்ள வரச்சொல்லுது” என்றாள்.

பிறகு, நாங்கள் நடத்தும் எல்லாத் தளங்களிலும் ஆவணம் ஏற்றும் பக்கத்தை மாற்றினேன். படத்துக்குப் பக்கத்தில் எழுத்துக்கென்று ஒரு பெட்டி வைத்திருக்கிறேன். அது காலியாக இருந்தால் ‘வெளியிடு’ பொத்தான் அமுங்காது. வாடிக்கையாளரே ஏற்றினாலும் அமுங்காது, முதலாளிக்கும் அமுங்காது, எனக்கும் அமுங்காது.